வலது காலுக்குப் பத்துத் தடவை

ரயில் வருகிறது என்று எஸ்தர்ராணிக்கு நன்றாகவே தெரிந்தது. இதைத்தான் அவள் பிறகு பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். காது அடைக்கவில்லை, கண் மங்கவில்லை, மனசும் வேறெங்கும் மேயப் போகவில்லை. குமாரபுரம் வளைவில் எஞ்சினின் முகம் தெரிந்ததுமே பார்த்துவிட்டாள். ஹாரனும் கேட்டது. நீளச் சுத்தியலைத் தோளில் சரிசெய்துகொண்டு, எட்டு வருடப் பழக்கப்படி இடது பக்கம் ஒதுங்கினாள். இடது கால் தண்டவாளத்தைத் தாண்டி ஜல்லியில் ஊன்றியது. வலது கால் வரவில்லை.

வலி ஒன்றும் இல்லை. ஷூவின் முனை தண்டவாளத்தில் டொக்கென்று இடித்தது, அவ்வளவுதான். மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் டொக். தண்டவாளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும் என்பது லைன் வேலைக்குச் சேருகிற முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற சட்டம். சட்டத்தை மீறி மிதித்துவிடலாம் என்றாலும் அந்த ஒரு சாண் உயரத்துக்குக் கால் எழும்ப வேண்டுமே. ஹாரன் இப்போது விட்டுவிட்டு அடிக்கவில்லை, ஒரே மூச்சாக அலறியது. ஜல்லிக் கல் காலுக்கடியில் நடுங்கத் தொடங்கியது.

கடைசியில் அவள் வலது தொடைத் துணியைக் கொத்தாகப் பிடித்து, மூட்டையைத் தூக்குகிற மாதிரித் தன் காலைத் தானே தூக்கி வெளியே போட்டாள். போட்ட வேகத்தில் சரிவில் உருண்டாள். தலைக்கு மேலே பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. உயிர் போய் உயிர் வந்தது என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எஸ்தர்ராணிக்குப் போனது முழுசாகத் திரும்பி வரவில்லை. கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறைந்து, பருத்திக் காட்டில் காக்கை கத்துகிற சத்தம் கேட்கிறவரை அவள் கை தொடைத் துணியை விடவில்லை.

அவளுக்கு ரயில்வேயில் கீமேன் வேலை. பொம்பளையாக இருந்தாலும் பேர் கீமேன்தான். காலையில் ஆறு கிலோமீட்டர் ஒரு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். திரும்பி வரும்போது அடுத்த தண்டவாளம். தண்டவாளத்தை அடியிலுள்ள குறுக்குக் கட்டையோடு பிடித்திருக்கிற இரும்புக் கவ்விகளுக்குத்தான் சாவி என்று பேர். தளர்ந்ததை அடித்து இறுக்க வேண்டும், கழன்றதை மாட்ட வேண்டும். இந்தக் காரியத்தைச் செய்கிற ஆள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்டவாளத்தைத் தாண்டுவார் என்று யாரும் எண்ணியதில்லை. எஸ்தர்ராணி அன்றையிலிருந்து எண்ணினாள். முந்நூறுக்குக் குறையவில்லை.

அதற்கு முன்னால் அவள் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைத்துக்கொண்டிருந்தவள். பாவாடையும் சட்டையுமாகக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் ஜெபதுரைதான் கீமேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலையில், கடம்பூருக்கு இந்தப் பக்கம், இதே லைனில் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனான். கவனக்குறைவு என்று எழுதினார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடந்திருப்பான் என்று ஊரில் பேசினார்கள். ஆஸ்பத்திரியில் துணியால் மூடி வைத்திருந்த உடம்பைக் காட்டியபோது, அவனுடைய வலது கை மட்டும் வெளியே தெரிந்தது. அது பேன்ட் துணியை முறுக்கிப் பிடித்திருந்தது. பிரிக்க முடியாமல் கத்தரியால் துணியை வெட்டி எடுத்தார்கள். வலியில் பிடித்திருப்பான் என்றுதான் அவளும் நினைத்தாள்.

பாட்டுக் கதையை அவளும் நம்பினாள். நம்பியதில் கோபமும் இருந்தது, ஆறுதலும் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் இருந்த மகள் ஜெபிஷாவையும் அவளையும் நட்டாற்றில் விட்டுவிட்டு, ஒரு பாட்டுக்காகச் செத்தானே என்று கோபம். காதில் பாட்டு இருந்திருந்தால் அவனுக்கு ரயில் சத்தம் கேட்டிருக்காது, பயப்பட நேரமிருந்திருக்காது, தூக்கத்தில் போனவர்களைப் போலப் போயிருப்பான் என்று ஆறுதல். கோபம் வருகிற அன்றைக்கெல்லாம் மகளிடம் வாய்விட்டே சொல்லியிருக்கிறாள், "ஒங்கப்பாவுக்குக் கவனம் இருந்தா நமக்கு ஏன்ட்டி இந்த நெலம?" என்று. அவன் வேலைதான் அவளுக்கு வந்தது.

கால் கெட்டது கார்த்திகை மழையில். லைனுக்குப் பக்கத்தில் கரிசல் மண் பசையாகக் கிடந்தது. ஒவ்வொரு அடிக்கும் அரைக்கிலோ மண் ஷூவோடு எழும்பி வந்தது. ஒரு இடத்தில் இடது கால் வழுக்கி, வலது கால் மண்ணிலேயே மாட்டிக்கொள்ள, இரண்டுக்கும் நடுவே இழுபட்டு விழுந்தாள். இடுப்பும் தொடையும் சேருகிற இடத்தில் ஏதோ பிடுங்கிக்கொண்டது. ஒன்றரை மாதம் படுக்கை. எழுந்து நடந்தபோது வலி போயிருந்தது. வலி போனால் எல்லாம் போயிற்று என்று நினைத்து டூட்டிக்கு வந்துவிட்டாள்.

வளைவில் உருண்ட மறுநாள், யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரியில் பிசியோவைப் பார்த்தாள். அவர் அவளைப் படுக்க வைத்து, தொடையைத் தூக்கச் சொல்லி, மேலே தன் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினார். இடது கால் அசையவில்லை. வலது கால் பொத்தென்று விழுந்தது. "தொடையத் தூக்குற தசைம்மா. இடுப்புக்கு முன்பக்கம் இருக்கும். படுத்தே கெடந்ததுல வலு போயிருச்சு. நடக்கும்போது தெரியாது, தாண்டும்போதுதான் தெரியும்" என்றார். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. ஜிம்மில் அதற்கென்றே ஒரு மெஷின் இருக்கிறது, குறைந்த எடையில் தொடங்கினால் இரண்டு மூன்று மாதத்தில் சரியாகும் என்று எழுதிக் கொடுத்தார்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் ஒரு மாடியில் அந்த ஜிம் இருந்தது. சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறரை வரை பெண்களுக்கு. சொல்லிக்கொடுக்கிறவள் தீபலட்சுமி, முப்பது முப்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்து நாளில் ஹாக்கி ஆடியவள். எஸ்தர்ராணி பத்தொன்பது படி ஏறி மேலே வந்து மூச்சு விடுவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"எந்தக் கால்க்கா?"

"ரெண்டும்தான்."

"பொய் சொல்லாதீங்க. படியேறும்போதே பாத்தேன். வலது. அதுல இருந்தே தொடங்குவோம். என்ன வேல பாக்குதீங்க?"

"தையல். புதியம்புத்தூர்ல." அதுவும் ஒரு காலத்து உண்மைதானே என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். கோவில்பட்டி சின்ன ஊர். ஜிம்முக்கு வருகிறவர்களில் யார் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கிறார் என்று யார் கண்டது? காலில் கோளாறு என்று தெரிந்தால் மெடிக்கலில் கழித்துவிடுவார்கள். நாற்பத்தைந்து வயது மெடிக்கல் அடுத்த மாதமே வருகிறது. மகள் திருநெல்வேலியில் நர்சிங் இரண்டாம் வருடம். இந்த நேரத்தில் வேலை போனால் என்ன செய்வாள்?

"அதான். நாள் முழுக்க உக்காந்தே இருந்தா இந்த எடம் செத்துத்தான் போகும்" என்று தீபலட்சுமி நம்பிவிட்டாள்.

மெஷின் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கீழே சின்ன மேடை, முன்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி. பக்கவாட்டில் சுழலுகிற ஒரு இரும்புக் கை, அதன் நுனியில் ரெக்சின் தைத்த உருளை. மேடையில் நிமிர்ந்து நின்றால் அந்த உருளை முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தொடையில் படிந்து நிற்கும். தொடையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் உருளையும் கூடவே எழும்பும், அந்தப் பக்கம் கம்பியில் தொங்குகிற எடைத் தட்டும் எழும்பும். எவ்வளவு எடை என்பதைத் தட்டுகளுக்கு நடுவே செருகுகிற ஊசி சொல்லும். தீபலட்சுமி அதை முதல் தட்டிலேயே செருகினாள். அதைவிடக் குறைந்த எடை அந்த மெஷினில் கிடையாது.

இருபது கிலோ சாமானைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறவளுக்கு அது அவமானமாகப் பட்டது. அந்தப் பிள்ளை திரும்பிய நேரத்தில் ஊசியை நாலாவது தட்டுக்கு மாற்றினாள். லைனில் எதையும் மூச்சை அடக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரே வெட்டில் எழுப்பித்தான் அவளுக்குப் பழக்கம். கேங்கில் பத்துப் பேர் ஒரே குரல் கொடுத்து அப்படித்தான் தண்டவாளத்தைப் புரட்டுவார்கள். அப்படியே தூக்கினாள். தட்டு எழும்பியது. அவளுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்துவிட்டது.

"எறக்குங்க, எறக்குங்க! யாரு ஊசிய மாத்துனது?" தீபலட்சுமி ஓடி வந்தாள். "இப்பத் தூக்குனது தொட இல்லக்கா, முதுகு. இப்படியே ஒரு மாசம் செஞ்சீங்கன்னா முதுகு போயிரும், தொட அப்படியேதான் இருக்கும்." ஊசியை மறுபடி முதல் தட்டுக்குக் கொண்டுபோனாள். "நிமுந்து நில்லுங்க. வயித்த இறுக்குங்க. ரெண்டு எண்ணிக்கிட்டே மேல கொண்டு போங்க. ஒரு எண்ணிக்கை நிறுத்துங்க. மூணு எண்ணிக்கிட்டே மெதுவா எறக்குங்க. எறக்குறதுலதான் வேலையே இருக்கு."

மெதுவாகச் செய்தபோதுதான் எஸ்தர்ராணிக்குத் தன் காலின் யோக்கியதை தெரிந்தது. மூன்றாவது தடவை தொடை நடுங்கியது. ஐந்தாவது தடவை உருளை பாதியில் நின்றது. ஆறாவது தடவை, தூக்கு என்று மனசு சொல்கிறது, கால் சும்மா நிற்கிறது. வளைவில் நின்றது போலவே நின்றது.

"மொதத் தடவ யாருக்கும் வரும்க்கா. அத வச்சு ஏமாந்துறாதீங்க" என்றாள் தீபலட்சுமி. "பத்தாவது எப்படி வருதுன்னுதான் நான் பாப்பேன்."

ஒருநாள் விட்டு ஒருநாள் போனாள். மூன்றாவது தரம் போயிருந்தபோது, வலது தொடை மேலே நிற்கிற நேரம் பார்த்து ஸ்டேஷன் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால், கட்டிடங்களையெல்லாம் தாண்டி வந்த சத்தம். எஸ்தர்ராணி மெஷினை விட்டு இடது பக்கம் குதித்துச் சுவரோடு ஒட்டி நின்றாள். எடைத் தட்டு படாரென்று விழுந்தது. ஓடிக்கொண்டும் குனிந்துகொண்டும் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றவளைத் தீபலட்சுமி தண்ணீர் பாட்டிலோடு ஒரு மூலைக்குக் கூட்டிப்போனாள்.

"தையக்காரி எதுக்குக்கா ரயில் சத்தத்துக்குக் குதிக்குதீங்க?"

அவளிடம் மட்டும் சொன்னாள். வளைவைப் பற்றியும் சொன்னாள். தீபலட்சுமி சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "லைன்ல எத்தன தடவ தாண்டுவீங்க?" என்று கேட்டாள். முந்நூறு என்றாள் எஸ்தர்ராணி. "இங்க அஞ்சு தடவைக்கே செத்துப்போகுதே, அக்கா" என்றாள்.

ஆனாலும் டூட்டி இருந்தது. அந்த நாட்களில் அவள் பயந்த மாதிரி, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில்கூடப் பயந்ததில்லை. காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் கால் சொன்னபடி கேட்கும். எட்டாவது கிலோமீட்டருக்கு மேல் ஷூ முனை இடிக்கத் தொடங்கும். அதனால் ஒரு தந்திரம் செய்தாள். தூரத்தில் சிக்னல் பச்சைக்கு மாறினாலே போதும், வண்டி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், லைனை விட்டு இறங்கிக் காட்டுக்குள் போய் நின்றுகொள்வாள். பத்து நிமிஷம், சில நாள் கால் மணி நேரம்.

"என்ன மேடம், வண்டி இன்னும் கடம்பூரையே தாண்டிருக்காது. இப்பமே பொண்ணு பாக்க வந்தாப்புல வந்து நிக்குதீங்க?" என்று ஆடு மேய்க்கிற ஒருத்தி கேலி செய்தாள். எஸ்தர்ராணி சிரித்து வைத்தாள். சிரிக்கும்போதும் கை தொடைத் துணியைப் பிடித்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

நின்று நின்று போனதில் வேலை முடிய நேரமாயிற்று. கேங்குக்குத் தலைவர் மேட் மாயகிருஷ்ணன், ரிடையராக ஒன்றரை வருடம் இருக்கிறவர், இரண்டு தடவை கேட்டுவிட்டார். "எம்மா எஸ்தர், முந்தி பதினோரு மணிக்கெல்லாம் சாமானக் கொண்டாந்து வச்சிருவ. இப்ப பன்னெண்டரை ஆகுது. ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"இல்ல அண்ணாச்சி. சாவி நெறையத் தளந்து கெடக்கு."

ஜிம்மில் ஆறு ஏழாயிற்று, ஏழு எட்டாயிற்று. எட்டில் நின்றது. எத்தனை ஜெபம் பண்ணிக்கொண்டு மேடையில் ஏறினாலும் ஒன்பதாவது தடவை உருளை பாதிக்கு மேல் போகவில்லை. முன்னேற்றம்தான் என்று தீபலட்சுமி சொன்னாள். இன்னும் இரண்டு மாதம் விடாமல் வந்தால் பத்துப் பத்தாக மூன்று சுற்று வந்துவிடும் என்றாள். இரண்டு மாதம் என்றால் எத்தனை ஹாரன் என்று எஸ்தர்ராணிக்குக் கணக்கு ஓடியது.

அதற்குள் மெடிக்கல் வந்தது. முந்தின நாள் சோறு இறங்கவில்லை. மதுரைக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டர் கண் பார்த்தார், காது பார்த்தார், பிரஷர் பார்த்தார். உட்கார்ந்து எழச் சொன்னார். படுத்துக் காலைத் தூக்கச் சொன்னார். இடது மூன்று தடவை, வலது மூன்று தடவை. அன்றைக்கு லைனில் நடக்காத கால், மூன்று தடவையும் அழகாக எழும்பியது. "நல்லா இருக்கீங்கம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து குழாயடியில் வாந்தி எடுத்தாள். பாஸானவள் யாராவது வாந்தி எடுப்பார்களா? அவளுக்கே சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். நாலாவது தடவை தூக்கச் சொல்லி அவர் கேட்டிருந்தால் தேவலை. கேட்கவில்லை. இனி அவளை யாரும் கேட்க மாட்டார்கள். நாளைக் காலையில் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் போக வேண்டியதுதான். எட்டாவது கிலோமீட்டர் அங்கே அப்படியே காத்திருக்கும்.

ரயிலில் கோவில்பட்டி வந்து இறங்கினவள் வீட்டுக்குப் போகாமல் நேரே ஜிம்முக்குப் போனாள். வழக்கமாகச் சுடிதாரில் வருகிறவள், அன்றைக்குத்தான் யூனிபார்ம் பேன்ட்டோடு மெஷினில் ஏறினாள். அந்தப் பேன்ட் அவளே வெட்டித் தைத்தது. ஆடியில் தைத்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. தீபலட்சுமி உருளையைத் தொடையில் பொருத்தக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"எக்கா, இங்கன பாருங்க. மத்த எடமெல்லாம் புதுசாட்டம் இருக்கு. இந்த எடத்துல மட்டும் துணி நைஞ்சு சல்லடையாப் போச்சே."

எஸ்தர்ராணி குனிந்து பார்த்தாள். வலது தொடையின் முன்பக்கம், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, ஐந்து விரலால் கிள்ளிப் பிடித்தால் எவ்வளவு இடம் வருமோ அவ்வளவு இடத்தில் இழை தேய்ந்து வெளுத்திருந்தது. பதினைந்து வருடம் துணி தைத்தவள் அவள். பேன்ட் எங்கே நையும் என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வாள். முழங்கால் நையும், பின்பக்கம் நையும், பாக்கெட் வாய் நையும், அடிமடிப்பு நையும். தொடையின் முன்பக்கம் நையாது. அந்த இடத்தில் நைந்த பேன்ட்டை அவள் வாழ்க்கையில் இதற்கு முன்னால் பார்த்தது ஒரே ஒரு ஆளுடையது.

ஜெபதுரையின் பேன்ட்டுக்கு அந்தக் கடைசி வருடம் அவள் மூன்று தடவை ஒட்டுப் போட்டாள். மூன்றும் வலது கால், மூன்றும் இதே இடம். "சுத்தியலத் தொடையிலயா தேய்க்குதீங்க?" என்று கேலிகூடச் செய்தாள். "சாமான் பை உரசுதுட்டி" என்று அவன் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதை அப்போது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தையல் மெஷினில் வைத்து நாலு ஓட்டு ஓட்டி, நூலைப் பல்லால் கடித்து, பேன்ட்டை அவன் மேல் எறிந்தாள்.

"தீபா." எஸ்தர்ராணி அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்த எடத்துல துணி நைஞ்சா… வேற காரணம் ஏதும் இருக்குமா?"

"கையாலக் காலத் தூக்குத ஆளுக்குத்தான்க்கா அங்கன நையும். நீங்க படியேறும்போதும் பிடிக்குதீங்க. மேடையில ஏறும்போதும் பிடிக்குதீங்க. இத்தன நாளாப் பாக்கேன், தெரிஞ்சு செய்யுதீங்கன்னு நெனச்சேன்."

எஸ்தர்ராணி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் துணிக்கு வெளியே தெரிந்த அந்த வலது கை அவள் கண் முன்னால் வந்து நின்றது. முறுக்கிப் பிடித்த துணி, அதைச் சுற்றிக் கத்தரி போன தடம். அது வலியில் பிடித்த பிடி இல்லை. காதில் பாட்டு இல்லை. அவனுக்குக் கேட்டிருக்கிறது. பார்த்திருக்கிறான், ஒதுங்கியிருக்கிறான், இடது காலைத் தாண்டி வைத்திருக்கிறான். அதற்கப்புறம் குனிந்து துணியைப் பிடித்திருக்கிறான். ஜல்லி நடுங்கியதும் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒன்பது வருடமாக அவள் பத்திரமாக வைத்திருந்த அந்த ஒரே ஆறுதலும் அந்த மாடியில், ரெக்சின் உருளைக்குப் பக்கத்தில், போய்விட்டது. அவள் மேடையிலேயே உட்கார்ந்தாள்.

அன்றைக்கு மெஷினில் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குச் சாமான் வைக்கிற ஷெட்டில் மாயகிருஷ்ணன் கையெழுத்து நோட்டோடு உட்கார்ந்திருந்தார். மெடிக்கல் பாஸ் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே சுத்தியலை எடுத்து நீட்டினார். எஸ்தர்ராணி கை நீட்டவில்லை.

"அண்ணாச்சி, எனக்கு வலது கால் தூக்க வரமாட்டேங்கு."

"என்னம்மா சொல்லுத? நேத்துத்தான பாஸ் ஆயிட்டு வந்த?"

"மூணு தடவதான் தூக்கச் சொன்னாங்க. எனக்கு எட்டு வரைக்கும் வரும். ஒம்பதாவது வராது. லைன்ல முந்நூறு தடவ வேணும்." வளைவில் நடந்ததைச் சொன்னாள். இந்த ஆள் இதைக் காகிதத்தில் எழுதினால் சுத்தியல், யூனிபார்ம், ஜெபிஷாவின் ஹாஸ்டல் எல்லாம் ஒரே கையெழுத்தில் போய்விடும் என்று பயந்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை. "நான் ஜிம்முக்குப் போறேன். இன்னும் ரெண்டு மாசத்துல சரியா வந்துரும்னு அந்தப் பிள்ள சொல்லுதா. அதுவரைக்கும் என்னயத் தனியா லைனுக்கு அனுப்பாதீங்க. எழுதிக்குடுங்க."

மாயகிருஷ்ணன் சுத்தியலைச் சுவரில் சாத்தினார். "எழுதுனா மறுபடி டெஸ்டு வைப்பாங்க. எங்க போடுவாங்க, என்ன செய்வாங்கன்னு எனக்கும் தெரியாதும்மா. இத யார்ட்டயும் சொல்லாம—"

"எங்க வீட்டுக்காரவிய சொல்லல, அண்ணாச்சி." எஸ்தர்ராணி தொடைத் துணியை இழுத்துக் காட்டினாள். "அவியளுக்கும் இதே கால்தான். இதே எடத்துல நைஞ்சிருந்திச்சு. மூணு தடவ ஒட்டுப் போட்டுக் குடுத்தேன். ஏன்னு கேக்கல."

மாயகிருஷ்ணன் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு எதிரே கிடந்த பெட்டியில் மெல்ல உட்கார்ந்தார்.

"கடைசி ரெண்டு மாசம் ஜெபதுரை நேரங்கழிச்சுத்தாம்மா வருவான்" என்றார். "பன்னெண்டு, பன்னெண்டரை ஆகும். எங்கல ஊர் மேயுதேன்னு நான் ஏசுவேன். சாவி நெறையத் தளந்து கெடக்கு அண்ணாச்சின்னுதான் அவனும் சொன்னான்."

அவர் பேனாவை எடுத்து எழுதினார். அன்றைக்குச் சாவி பார்க்க வேறொரு ஆள் போனான். எஸ்தர்ராணி ஷெட்டு வாசலில் கிடந்த பழைய கட்டையில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா, டூட்டி நேரத்துல கூப்பிடுத?"

"ஏட்டி, ஒங்கப்பா பாட்டுக் கேக்கல."

ஜெபிஷா பேசுவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அவியளுக்கு ஹாரன் கேட்டிச்சு. நல்லாக் கேட்டிச்சு. கவனமாத்தான் இருந்தாவ. கால்தான் வரல. நான்தான் ஒங்கிட்ட இத்தன வருசமாத் தப்பாச் சொல்லிட்டேன்."

"எப்படிம்மா…" ஜெபிஷா அழத் தொடங்கினாள். "இப்ப எப்படிம்மா தெரியும் ஒனக்கு?"

"எனக்கும் அதே கால் வரமாட்டேங்குட்டி."

கடம்பூர்ப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. வலது கை தானாகத் தொடைக்குப் போய்த் துணியைப் பிடித்தது. வண்டி ஷெட்டைத் தாண்டிப் போய் முடிகிறவரை எஸ்தர்ராணி அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்திருந்தாள். மகள் அழுது முடிக்கட்டும் என்று போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.